மனச்சோர்வு நோயும் பொருந்தும் சிகிச்சையைக் கண்டறிதலும்

மரவள்ளியில் தேமல் நோய், மஞ்சளில் கிழங்கு அழுகல், கறவை மாட்டுக்கு மடிநோய் ஆகியவற்றை நம் விவசாயிகள் நன்கு அறிவர். நோய் தென்பட்டவுடன் இலையைப் பறித்துக்கொண்டு வேளாண்மை அலுவலரைத் தேடி வருவோரும் உண்டு. ஆனால் அந்தப் பயிரையும் மாட்டையும் பார்த்துக்கொள்ளும் மனிதருக்கே ஒரு நோய் வந்து, ஆறு மாதம், எட்டு மாதம் என்று நீடிக்கும்போது அதை நோய் என்று எவரும் எண்ணுவதில்லை. 'சோம்பல்' என்கிறார்கள், 'குடும்பக் கவலை' என்கிறார்கள், 'யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்கிறார்கள். மனச்சோர்வு என்னும் அந்நோயைப் பற்றியும், தனக்குப் பொருந்தும் சிகிச்சையை ஒருவர் எவ்வாறு கண்டறிவது என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. அதன்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ இருபது பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகிறார். நோயுற்றோரில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் சிகிச்சை எதுவும் பெறவில்லை. பெரியவர்கள் நானூறு பேர் உள்ள ஒரு சிற்றூருக்கு இருபது பேர் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

நோயின் அறிகுறிகள்

சேர்வராயன் மலையடிவாரத்தில், குப்பனூரில் இரண்டரை ஏக்கர் நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயியை உதாரணத்துக்காகக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு ஏக்கர் மரவள்ளி, அரை ஏக்கர் மஞ்சள், மீதியில் சோளம். இரண்டு கறவை மாடுகள். மரவள்ளிக் கிழங்கு விலை இறங்கிய ஆண்டில் அவருக்குக் கடன் ஏறியது. கவலை வந்தது இயல்பே. ஆனால் அடுத்த ஆண்டு விலை தேறிய பிறகும் அவர் முகம் தேறவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு தூக்கம் இல்லை. சோறு மண்ணாக இருக்கிறது. வாங்கிய உரம் மூட்டையாகவே திண்ணையில் கிடக்கிறது. மழையில் ஏற்காட்டுப் பிரதான மலைப்பாதை சரிந்து, மலைக்குப் போகும் வண்டிகளெல்லாம் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடப்பட்டு, ஊரே தெருவில் நின்று வேடிக்கை பார்த்த நாளில்கூட அவர் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இது கவலையைக் கடந்த நிலை.

மருத்துவர்கள் முக்கியமாகக் கேட்பவை இரண்டு. நாள் முழுவதும் மனம் துயரமாகவோ வெறுமையாகவோ இருக்கிறதா? முன்பு விருப்பத்துடன் செய்தவற்றில் விருப்பம் போய்விட்டதா? இவற்றுள் ஒன்றேனும் இருக்கவேண்டும். அத்துடன் தூக்கக் கேடு, பசிக் குறைவு அல்லது எடை மாற்றம், தீராத அசதி, மனத்தை ஒன்றில் நிறுத்த இயலாமை, பேச்சிலும் நடையிலும் மந்தம் அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு, தான் எதற்கும் பயனற்றவர் என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு ஆகியவற்றையும் பார்ப்பர். எல்லாவற்றையும் சேர்த்து ஐந்து அறிகுறிகளாவது இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஏறக்குறைய நாள்தோறும் இருந்து, அன்றாட வேலையைக் கெடுக்குமானால் அதை மனச்சோர்வு நோய் எனக் கொள்வர்.

சாதாரணக் கவலையில் இருப்பவருக்குப் பேரன் பிறந்தால் மனம் குளிரும். மஞ்சளுக்கு நல்ல விலை கிடைத்தால் முகம் மலரும். நோயுற்றவருக்கு நல்ல செய்தியும் உள்ளே இறங்காது. வீட்டார் இந்த வேறுபாட்டைக் கவனித்தாலே போதும்.

நம் பக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் உடம்பின் வழியாகவே பேசுகிறது. 'மனம் சரியில்லை' என்று மருத்துவரிடம் சொல்லும் விவசாயி அபூர்வம். தலை பாரம், இடுப்பு வலி, கை கால் எரிச்சல், நெஞ்சு படபடப்பு, 'நரம்புத் தளர்ச்சி' என்றுதான் சொல்லுவார். அதற்கு ஒரு சத்து ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ், ஒரு டானிக் என்று பணம் கரையும். குளுக்கோஸ் ஏற்றிய மறுநாள் சற்றுத் தெம்பாக இருப்பதுபோலத் தோன்றும். மூன்றாம் நாள் பழைய நிலையே. இவ்வகையில் ஓராண்டில் செலவாகும் தொகை ஒரு கறவை மாட்டின் விலையை எட்டிவிடுவதும் உண்டு.

பெண்களுக்கு இந்நோய் ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. ஆயினும் அது இன்னும் எளிதில் மறைந்துபோகிறது. ஆண் படுத்துவிட்டால் நிலம் தரிசாகி ஊருக்குத் தெரிந்துவிடும். பெண்ணோ, நோயுடனே பால் கறந்து, களை எடுத்து, மலைக்குக் காப்பிப் பழம் பறிக்கவும் கூலிக்குப் போய், வீட்டுக்கு வந்து உலை வைக்கிறார். வேலை நிற்காததால் நோயும் தெரிவதில்லை. காரணமின்றி அழுவது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது, ஓயாத தலைவலி, பிரசவத்துக்குப் பின் குழந்தையைத் தூக்கவே மனமில்லாமை ஆகியவை கண்டால் 'பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்' என்று விட்டுவிடலாகாது.

மருத்துவரிடம் மறைக்கக்கூடாதவை

மனச்சோர்வு போலவே தோற்றம் தரும் வேறு கோளாறுகள் உள்ளன. தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, பி12 உயிர்ச்சத்துக் குறைவு ஆகியவை அசதியையும் மந்தத்தையும் உண்டாக்கும். ஆகவே முதற்கண் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுதல் நன்று. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு ஏற்கெனவே உண்ணும் மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டவேண்டும்.

குடிப் பழக்கத்தைச் சொல்லியே ஆகவேண்டும். தூக்கம் வருவதற்காகக் குடிக்கிறேன் என்பவர் பலர். மது முதல் இரண்டு மணி நேரம் தூங்கவைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும், மனச்சோர்வை ஆழமாக்கும், மாத்திரையின் பலனையும் கெடுக்கும்.

மூன்றாவதாக, முன்பு எப்போதாவது இதற்கு நேர்மாறான நிலை இருந்ததா என்பது. பல நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்துடன், ஓயாமல் பேசிக்கொண்டு, கண்மண் தெரியாமல் செலவு செய்த காலம் இருந்திருந்தால் அது வேறு நோய். அதற்குச் சிகிச்சையும் வேறு. அதைச் சொல்லாமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் சாப்பிட்டால் அந்த மிகையான நிலை மீண்டும் கிளம்பக்கூடும். இதை நோயாளியைவிட மனைவியோ அண்ணன் தம்பியோதான் நன்கு சொல்லமுடியும். எனவே முதல் முறை தனியாகப் போகவேண்டாம்.

பூச்சி மருந்து தெளித்து மயங்கி விழுந்தது, வாந்தி எடுத்தது உண்டானால் அதையும் கூறவேண்டும். அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநில விவசாயக் குடும்பங்களிடம் 1993 முதல் நடந்துவரும் நெடுநாள் ஆய்வில், மருந்து நஞ்சேறிப் பாதிக்கப்பட்டவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது. கையுறையும் முகமூடியும் அணிந்து, காற்றின் திசை பார்த்துத் தெளிக்கவேண்டும் என்பதற்கு இது இன்னுமொரு காரணம்.

மாத்திரை எவ்வாறு வேலை செய்கிறது?

மனச்சோர்வுக்கு மருந்து உண்டு என்பது தற்செயலாகத் தெரியவந்த செய்தி. 1952ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு காசநோய் மருத்துவமனையில் ஐப்ரோனியசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாடிக் கிடந்த நோயாளிகள் எழுந்து உட்கார்ந்து, பசியெடுத்து உண்டு, கலகலப்பாகப் பேசத் தொடங்கினர். காசத்துக்குக் கொடுத்தது மனத்தையும் தொட்டது. சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைக் குறைப்பதை ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் கண்டார். இன்று அமிட்ரிப்டிலின், ஃபுளுவாக்ஸெடின், செர்ட்ரலின், எஸ்சிடாலோபிராம் எனப் பல மருந்துகள் உள்ளன. ஒவ்வொன்றும் மூளையின் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருள்களின் மேல் வினைபுரிகிறது. அதனால் நோய் ஏன் குறைகிறது என்பதை அறிவியல் இன்னும் முழுமையாக விளக்கிவிடவில்லை. ஆயினும் பலருக்குக் குறைகிறது என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்டது.

விவசாயிகள் இங்கு மனத்தில் பதிக்கவேண்டியது கால அளவு. தலைவலி மாத்திரை ஒரு மணி நேரத்தில் கேட்கும். மனச்சோர்வு மாத்திரை அவ்வாறு கேளாது. பலன் தெரியத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரமாகும். சரியான அளவில் ஆறு முதல் எட்டு வாரம் உண்ட பிறகே அந்த மருந்து பொருந்துகிறதா இல்லையா என்று தீர்மானிக்க முடியும். பெரும்பாலும் தூக்கமும் பசியும் முதலில் சீராகும். மனம் பின்னால் தெளியும். நோயாளி 'ஒன்றும் மாறவில்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, 'இரண்டு நாளாக மாட்டைத் தடவிக்கொடுக்கிறார்' என்று மனைவி கவனித்துவிடுவார்.

தொல்லை என்னவென்றால், பலன் வருமுன் பக்க விளைவு வந்துவிடுகிறது. ஃபுளுவாக்ஸெடின் வகை மருந்துகளில் முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, ஒருவகைப் பதற்றம் ஏற்படலாம். பெரும்பாலும் தானே தணியும். தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவதும் உண்டு. இதை வெட்கப்பட்டு மறைத்து, மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். சொன்னால் மருத்துவர் மருந்தை மாற்றுவார் அல்லது அளவைக் குறைப்பார். அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் ஆகிய பழைய மருந்துகள் வாய் உலர்தல், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் தரும். புதிய மருந்து தொடங்கிய நாட்களில் பாக்கு மரம் ஏறுதல், மலைப்பாதையில் இருசக்கர வாகனம் ஓட்டுதல், தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் கை வைத்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் தவிப்பும் தற்கொலை எண்ணமும் அதிகரிக்கக்கூடும் என்பதால் வீட்டார் கூடவே இருந்து கவனித்து, மாற்றம் கண்டால் உடனே மருத்துவரிடம் கூறவேண்டும்.

'இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோம்' என்ற அச்சம் எங்கும் உள்ளது. மேலே கூறிய மருந்துகளுக்கு மதுவைப்போல் ஏங்கும் பழக்கம் உண்டாவதில்லை. திடீரென நிறுத்தினால் மட்டும் சில நாள் கிறுகிறுப்பும் எரிச்சலும் வரும். ஆகவே படிப்படியாகவே நிறுத்துவர். பழக்கமாகிவிடக் கூடியவை டயஸிபாம், அல்பிரஸோலம் போன்ற தூக்க மாத்திரைகள். அவை உடனே இதமளிப்பதால் மக்கள் அவற்றையே நம்புகிறார்கள். ஆனால் மனச்சோர்வைக் குணப்படுத்துபவை அவை அல்ல. மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் அவற்றைக் கேட்டு வாங்கும் வழக்கத்தை விட்டொழிக்கவேண்டும்.

முதல் மருந்து கேட்காவிட்டால்

பலர் வழி தவறிப்போகும் இடம் இது. ஒரு மாத்திரையைப் பத்து நாள் உண்டு, குணமில்லை என்று விட்டுவிட்டு, வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போகிறார்கள்; அவரும் அதே மாத்திரையை வேறு பெயரில் எழுதித் தருகிறார்; அதையும் பத்து நாள். ஓராண்டு கழித்து, 'எல்லா வைத்தியமும் பார்த்தாகிவிட்டது' என்கிறார்கள். உண்மையில் ஒரு வைத்தியம்கூட முழுமையாகப் பார்க்கப்படவில்லை.

அமெரிக்காவில் ஏறத்தாழ நாலாயிரம் நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2006ஆம் ஆண்டு முடிவுகள் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதனையே சோதித்தது. எல்லோருக்கும் முதலில் ஒரே மருந்து போதிய அளவில், போதிய காலம் கொடுக்கப்பட்டது. நோய் முற்றிலும் நீங்கியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. மற்றவர்களுக்கு மருந்தை மாற்றினர் அல்லது இன்னொன்றைச் சேர்த்தனர். அந்த இரண்டாம் படியில் மேலும் கணிசமானவர்கள் தேறினர். மூன்றாம், நான்காம் படிகளில் தேறியவர்கள் குறைவு; ஆனாலும் இருந்தனர். மொத்தம் எத்தனை பேர் என்ற கணக்கில் பின்னர் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. எப்படியாயினும், முதல் மருந்து கேட்காததால் தனக்கு விமோசனமே இல்லை என்று முடிவுகட்டுவது தவறு என்பதில் ஐயமில்லை. எந்த மருந்து யாருக்குப் பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்ல நம்பகமான பரிசோதனை இன்னும் இல்லை. இரத்த உறவில் ஒருவருக்கு ஒரு மருந்து நன்கு கேட்டிருந்தால் அதைச் சொல்லலாம். மருத்துவர் அதைக் கருத்தில் கொள்வார்.

ஆகவே, பயிருக்குச் சாகுபடிக் குறிப்பேடு வைப்பதுபோல் சிகிச்சைக்கும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளும்படி சிபாரிசு செய்கிறோம். மருந்தின் பெயர் (கம்பெனிப் பெயர் அன்று, அட்டையில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்), எத்தனை மில்லிகிராம், தொடங்கிய தேதி, அளவு கூட்டிய தேதி, தவறிய நாட்கள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதுக. எதிர்ப் பக்கத்தில் வாரம் ஒருமுறை, எத்தனை மணி தூக்கம், சாப்பாடு எப்படி, என்ன வேலை செய்ய முடிந்தது என்று ஒரு வரி. நோயாளிக்கு எழுத மனமில்லாவிட்டால் படிக்கும் பிள்ளை எழுதலாம். இந்த நோட்டைப் பார்த்தால், மருந்து தோற்றதா, அல்லது மருந்துக்கு வாய்ப்பே தரப்படவில்லையா என்பது மருத்துவருக்கு உடனே புரிந்துவிடும். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை.

குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் மருந்தைத் தொடரவேண்டும். முகம் தெளிந்தவுடன் நிறுத்தினால் நோய் திரும்பும். இரண்டு மூன்று முறை வந்தவர்களுக்கு இன்னும் நீண்ட காலம் தேவைப்படலாம்.

மருந்துகள் பலவும் பயன்தராத கடுமையான நிலையில், உணவும் நீரும் மறுத்துக் கிடப்பவருக்கு, மின்னதிர்வுச் சிகிச்சை விரைவாகப் பலன் தரும். சினிமாவில் காட்டுவதைப் பார்த்து அஞ்சவேண்டாம். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்யக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை விதித்துள்ளது. அண்மை நிகழ்ச்சிகள் சிலகாலம் மறதியாவது அதன் பக்க விளைவு.

வேலையே மருந்தாகும் முறை

மாத்திரை மட்டுமே வழி என்று எண்ணிவிடக்கூடாது. இலேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை மாத்திரைக்கு ஈடாக உதவும். கடுமையானதற்கு இரண்டும் சேர்ந்தால் நன்று. ஆனால் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் நகரங்களில்தான் இருக்கிறார்களே என்ற கேள்வி எழும். கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து, 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சியளித்து, நோயாளிகளிடம் ஆறு முதல் எட்டு முறை பேசவைத்தார்கள். மூன்று மாதத்தில் நூற்றுக்கு 64 பேருக்கு நோய் நீங்கியது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கே நீங்கியது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டிலும் இதே வழி கையாளப்படுகிறது. அங்கு பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலைய வாசலில் ஒரு மரப் பெஞ்சில் அமர்ந்து நோயாளிகளுடன் பேசுகிறார்கள்.

கோவாவில் கையாண்ட முறையின் சாரம் எளிது. மனச்சோர்வு வந்தவர் வேலையை விடுகிறார். வேலையை விட்டதால் மகிழ்ச்சி தரும் எதுவும் நிகழ்வதில்லை. அதனால் சோர்வு மிகுகிறது. இந்தச் சுழலை வேலைப் பக்கத்திலிருந்து அறுப்பதே முறை. மனம் வரட்டும் என்று காத்திராமல், மிகச் சிறிய வேலையொன்றைக் குறித்த நேரத்தில் செய்யவேண்டும். நம் குப்பனூர் விவசாயிக்கு அது, காலை ஆறு மணிக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதாக இருக்கலாம். முதல் வாரம் அவ்வளவே. அடுத்த வாரம் ஒரு கட்டுத் தீவனம் அறுத்தல். அதற்கடுத்து, மஞ்சள் வயலில் ஒரு பாத்திக்கு மட்டும் களை எடுத்தல். மாலையில் ஒரு நண்பருடன் டீக்கடை வரை நடத்தல். முழு ஏக்கரையும் ஒரே நாளில் உழுதுவிடத் திட்டமிட்டால் அது நடக்காது, நடக்காததால் 'நான் உதவாக்கரை' என்ற எண்ணமே வலுக்கும். 'எழுந்து வேலையைப் பார்' என்று வீட்டார் அதட்டுவது இந்த முறை ஆகாது. 'வாங்க, நானும் கூட வரேன்' என்று மண்வெட்டியை எடுப்பதே முறை.

கடன் மாத்திரையால் தீராது என்பது உண்மைதான். ஆனால் மனம் தெளியாமல் கடனைத் தீர்க்கும் வழியும் புலப்படாது. நோய் உள்ள காலத்தில் நிலத்தை விற்றல், மாட்டைக் கைமாற்றுதல், பாகம் பிரித்தல் போன்ற பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடுக. கூட்டுறவுச் சங்கத்தில் தவணையை மாற்றியமைப்பது பற்றிக் கேட்கப் போகும்போது, விவரம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

பூச்சி மருந்துக்குப் பூட்டு

இந்நோயில் உயிராபத்து உண்டு. 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்பது, திடீரெனப் பத்திரங்களையும் நகைகளையும் ஒப்படைப்பது ஆகியவற்றை அலட்சியம் செய்யக்கூடாது. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று அஞ்சவேண்டாம். கேட்பதால் அது வருவதில்லை. 'மாமா, செத்துப்போயிடலாமுன்னு நெனப்பு வருதா?' என்று மச்சினன் நேராகவே கேட்கலாம். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

அந்த எண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து சில மணி நேரத்தில் தணிவது. அந்த நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் மிஞ்சும். இலங்கை அரசு கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சி மருந்துகளை 1995, 1998 ஆகிய ஆண்டுகளிலும் பின்னரும் தடை செய்தது. 1995இல் லட்சம் பேருக்கு 50க்கு மேலிருந்த தற்கொலை எண்ணிக்கை 2015க்குள் 20க்கும் கீழே இறங்கியது. பயிர் மகசூல் அதனால் குறையவில்லை. நம் மாநிலத்தில், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், சென்னையைச் சேர்ந்த சினேகா அமைப்பினர் இரண்டு கிராமங்களில் பொதுச் சேமிப்பறை அமைத்து, விவசாயி ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பூட்டுப் பெட்டி கொடுத்தனர். வீட்டில் மருந்து வைக்கும் வழக்கம் குறைந்தது. விவசாயிகளும் இதை விரும்பி ஏற்றனர். 2013இல் வெளியான அதன் அறிக்கை பலன் இருந்ததாகக் கூறுகிறது. இரண்டே கிராமம் என்பதால் அதை முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது. ஆனால் இதற்கு ஆகும் செலவு ஒரு பூட்டுதான். வீட்டில் ஒருவர் சோர்ந்திருந்தால் மருந்துப் புட்டிகளை வேறு வீட்டிலோ பூட்டிய பெட்டியிலோ வைத்து, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளவேண்டும். மிகுந்ததைச் சேமிக்காமல், ஒரு தெளிப்புக்குத் தேவையானதை மட்டும் வாங்குதல் இன்னும் நல்லது.

ஒருவேளை விபரீதம் நேர்ந்துவிட்டால் போலீஸ் வழக்குக்குப் பயந்து நேரத்தை வீணாக்கக்கூடாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட்டு, தண்டிக்கப்படமாட்டார் என 2018 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. 2024 ஜூலை முதல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இடம்பெறவில்லை.

எங்கே போவது?

சாமி கும்பிடுவதை நிறுத்தவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. சேர்வராயன் கோயிலுக்கும் போகலாம், மாத்திரையும் சாப்பிடலாம். கோயிலிலும் தர்காவிலும் கிடைக்கும் அமைதி உண்மையானதே. ஆனால் மருத்துவத்தை மறுத்து, மனநோயாளியைக் கட்டிப்போடும் இடங்களை ஒருபோதும் நாடலாகாது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதி தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர்.

குப்பனூர், வலசையூர் பகுதியினருக்கும் மலைமேல் உள்ளவர்களுக்கும் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. அங்கு மனநலப் பிரிவு என்று கேட்டுப் புறநோயாளிச் சீட்டு வாங்கவேண்டும். மருந்துக்குப் பணம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோதே அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. இப்போது மாநிலம் முழுவதும் உள்ளது. அத்திட்டத்தின் மருத்துவர்கள் வட்டார அரசு மருத்துவமனைகளுக்குக் குறித்த நாட்களில் வருகிறார்கள். உங்கள் ஊருக்கு அருகில் எந்த நாள் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அறியலாம். நேரில் போகுமுன் பேசிப் பார்க்க விரும்புவோர் 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபர் முதல் இச்சேவை இயங்குகிறது. 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

முதல் முறை போகும்போது பழைய சீட்டுகள், உண்ணும் மாத்திரை அட்டைகள், மேலே சொன்ன நோட்டு ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்க. காலையிலேயே போய்ச் சேர்ந்தால் அன்றே பார்த்துவிட்டுத் திரும்பலாம். மறுமுறைக்கு, மாத்திரை தீர ஐந்து நாள் இருக்கும்போதே புறப்படவேண்டும். மலையில் மழை பிடித்துக்கொண்டால் பேருந்து எப்போது வரும் என்று சொல்லமுடியாது.